‘அந்த ஊசிதான் தம்பி’: செட்டிநாட்டில் ஒரு போலியோ வரலாறு

காரைக்குடியில் பிசியோதெரபி பார்க்கிறேன். சிறு வயதில் போலியோ வந்து, இன்று ஐம்பது அறுபது வயதில் இருப்பவர்களின் கதைகளைக் கொஞ்ச காலமாகக் கேட்டு எழுதி வைத்து வருகிறேன். சுற்று வட்டாரத்தில் யாரைக் கேட்டாலும் கதை ஒரே மாதிரிதான் தொடங்கும்: “காய்ச்சல் வந்துச்சு, ஊசி போட்டாங்க, கால் விழுந்துருச்சு.” நானும் ரொம்ப நாள் அந்த நடு வார்த்தையைக் குறிப்பில் எழுதாமலே விட்டேன். போலியோ ஒரு வைரஸால் வருவது, ஊசியால் வராது என்று சொல்லிச் சிலரைத் திருத்தியும் இருக்கிறேன். அப்படித் திருத்தியிருக்கக் கூடாது என்று எனக்குப் புரியவைத்தவரைப் பற்றியது இந்த ஆய்வு. அவர் சம்மதத்தோடு எழுதுகிறேன். பெயரும் ஊரும் வேண்டாம் என்றார். அவரை நான் அக்கா என்றுதான் கூப்பிடுகிறேன், இங்கேயும் அப்படியே எழுதுகிறேன்.

வந்த குறை

அக்காவுக்கு 57 வயது. பனை ஓலையில் கொட்டான் (சிறு கூடை) பின்னுகிறார். திருமணம் ஆகவில்லை. தம்பி குடும்பத்தோடும் எண்பதைத் தாண்டிய தாயாரோடும் இருக்கிறார். வலது கால் குழந்தையிலேயே சூம்பிவிட்டது. ஆனால் என்னிடம் வந்தது அந்தக் காலுக்காக இல்லை.

“நொண்டிக் காலைப் பத்தி எனக்குக் கவலையில்ல தம்பி. அதோட நான் பேசிப் பழகிட்டேன். இப்ப நல்ல கால் மடங்குது.”

இரண்டு வருடமாக இடது கால் திடீரென்று தொய்ந்துவிடுகிறது. ஆறு மாதத்தில் ஐந்து முறை விழுந்திருக்கிறார். மத்தியானம் ஆனால் ஒரே அசதி. அது தூக்கம் வருவது போல் இல்லையாம், உடம்பிலிருந்து யாரோ சக்தியை உருவிக்கொண்ட மாதிரி இருக்கிறதாம். நாலு கொட்டான் பின்னுகிற நேரத்தில் இப்போது இரண்டுதான் முடிகிறது. விரல் ஓடவில்லை. வேறு இரண்டு இடங்களில் காட்டியிருக்கிறார். ஓரிடத்தில் வயசாகிவிட்டது, மூட்டுத் தேய்மானம் என்றார்கள். இன்னோரிடத்தில் தசை பலவீனமாக இருக்கிறது, நிறைய நடக்க வேண்டும், காலில் மணல் மூட்டை கட்டித் தூக்கிப் பழக வேண்டும் என்றார்கள். அக்கா சொன்னதைத் தட்டாத ஆள். தினமும் காலையிலும் மாலையிலும் தூக்கினார். மூன்றே வாரத்தில் இடது கால் இன்னும் மோசமானது. அதைச் சொன்னபோது, “நீங்க ஒழுங்கா செய்யல” என்று பதில் வந்ததாம்.

காலைப் பார்த்தபோது

அவர் நடந்து வந்தபோதே பாதி தெரிந்துவிட்டது. வலது காலை ஊன்றும் ஒவ்வொரு முறையும் வலது கையால் தொடையை அழுத்திப் பிடிக்கிறார். தொடையின் முன்தசையில் பலம் இல்லாததால், முட்டி மடங்காமல் இருக்கக் கைதான் பூட்டு. உட்கார்ந்தபோது சேலையைக் கவனித்தேன். வலது தொடைமேல் ஓர் உள்ளங்கை அளவுக்குச் சாயம் போய் நூல் தெரிந்தது. “எல்லாச் சேலையும் அங்கதான் முதல்ல போகும்” என்றார். ஐம்பது வருடமாக ஒரே இடத்தில் கை ஊன்றிய தடம் அது. அந்தக் கை எதையும் தூக்கியதில்லை. தண்ணீர்க் குடம், ஓலைக்கட்டு, தம்பி பிள்ளைகள் எல்லாமே இடது இடுப்பில்தான். அந்த இடுப்பைத் தாங்கியதும் இடது கால்தான்.

வலது கால் 4 செ.மீ. குட்டை. பாதமும் சிறியது. ஒவ்வொரு முறையும் இரண்டு ஜோடிச் செருப்பு வாங்கி, ஒவ்வொன்றிலும் ஒன்றை மட்டும் போடுகிறார். மார்கழியில் அந்தக் கால் முட்டிக்குக் கீழே நீலம் பூத்து ஐஸ் மாதிரி சில்லிட்டுப் போகும். முட்டியில் சுத்தியலால் தட்டினால் கால் எழும்பவில்லை. தொடை முன்தசையில் லேசான துடிப்பு மட்டும்தான் இருந்தது. இடுப்பைத் தாங்கும் தசையும் பாதத்தைத் தூக்கும் தசையும் பாதி பலம்கூட இல்லை. ஆனால் பஞ்சால் தொட்டாலும் ஊசி முனையால் தொட்டாலும் ஒவ்வோர் இடமும் சரியாகத் தெரிந்தது. உணர்ச்சியில் ஒரு குறையும் இல்லை.

இந்த ஆய்வின் ஆணிவேர் இதுதான். ஊசி போட்டுக் கால் போனது என்று யாராவது சொன்னால், புட்டத்தில் போட்ட ஊசி அங்கே ஓடும் பெரிய நரம்பில் பட்டிருக்குமோ என்ற கேள்வி முதலில் வர வேண்டும். அப்படியும் நிறையக் குழந்தைகளுக்கு நடந்திருக்கிறது. ஆனால் அந்த நரம்பு அடிபட்டால் பாதம் தொங்கும், பாதத்தில் உணர்ச்சியும் குறையும். தொடையின் முன்தசைக்கு அந்த நரம்பு போவதே இல்லை. அதற்கு வேறு நரம்பு, அது தொடையின் முன்பக்கமாக இறங்குகிறது. அக்காவுக்கு முன்தசைதான் மிக மோசம், உணர்ச்சி முழுசாக இருக்கிறது. ஆக இது நரம்பில் பட்ட ஊசி இல்லை. முதுகுத்தண்டில் தசைகளை இயக்கும் செல்கள் செத்துப்போய், தொடுஉணர்வை எடுத்துச் செல்லும் பாதை தப்பித்திருக்கிறது. போலியோ வைரஸ் தாக்குவது அப்படித்தான்.

சரி, அப்போது ஊசிக்கு இதில் பங்கே இல்லையா?

தாயார் சொன்னது

அதற்குத் தாயாரைத்தான் கேட்க வேண்டியிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போனேன். எந்த வருடம் என்றேன். யோசிக்கவே இல்லை. “அண்ணா மந்திரியான வருசம் பொறந்தா. அண்ணா செத்த வருசம் கால் விழுந்துச்சு. அவரு செத்து ஒரு மாசம் இருக்கும், முத்துமாரியம்மனுக்குக் காப்புக் கட்டியிருந்தாங்க.” அண்ணா முதலமைச்சரானது 1967 மார்ச்சில், இறந்தது 1969 பிப்ரவரி 3. காரைக்குடி மீனாட்சிபுரம் முத்துமாரியம்மன் கோயிலில் திருவிழா மாசி-பங்குனியில் நடக்கும். அக்கா பிறந்தது ஆவணியில். ஆக 1969 மார்ச் வாக்கில், குழந்தைக்கு ஒன்றரை வயது. பிறப்புச் சான்றிதழோ மருத்துவச் சீட்டோ இல்லாத ஒரு வாழ்க்கையை இப்படித்தான் தேதியிட முடிகிறது. இதைவிடத் துல்லியமாகக் கேட்க எனக்குத் தோன்றவில்லை.

முதலில் இரண்டு நாள் காய்ச்சல், கொஞ்சம் வயிற்றுப்போக்கு. பக்கத்து ஊரில் கம்பவுண்டர் ஒருவர் ஊசி போட்டார், சரியாகிவிட்டது. ஒரு வாரம் குழந்தை ஓடி விளையாடியது. மறுபடியும் காய்ச்சல், இந்த முறை அனல். கழுத்தைத் திருப்பினால் அலறியது. அப்பத்தா பார்த்துவிட்டு, “இது அம்மை, ஆத்தா எறங்கியிருக்கா, வேப்பிலையைப் போட்டுப் படுக்க வை, ஊசி கீசி போட்டுறாத” என்றார். ஊரெல்லாம் காப்புக் கட்டியிருக்கும் நாள். அம்மை போட்ட பிள்ளைக்கு மருந்து கொடுக்க மாட்டார்கள், ஊசி என்ற பேச்சே கிடையாது.

தாயார் கேட்கவில்லை. விடியக்காலை யாரிடமும் சொல்லாமல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மூன்று மைல் நடந்தார். “மடியில குப்புறப் போட்டேன். வலது பக்கம்தான் அவரு கைக்கு வாக்கா இருந்துச்சு. அன்னைக்கு ஒண்ணு, மறுநா ஒண்ணு.” அடுத்த நாள் காலையில் பிள்ளையை நிற்க வைத்தபோது வலது கால் துணி மாதிரி தொய்ந்தது.

அப்பத்தா சாகிற வரைக்கும் அதைச் சொல்லிக் காட்டியிருக்கிறார். அம்மை பார்த்த பிள்ளைக்கு ஊசி போட்டவள். பால்குடம், தீச்சட்டி, அங்கப்பிரதட்சணம் என்று தாயார் எடுக்காத வேண்டுதல் இல்லை. என்னிடம் சொல்லி முடித்துவிட்டு, “அந்த ஊசிதான் தம்பி. இடது பக்கம் போட்டிருந்தா இடது கால் போயிருக்கும்” என்றார். எத்தனையோ ராத்திரி யோசித்துப் பார்த்து வந்த முடிவு அது என்று அவர் சொன்ன விதத்திலேயே தெரிந்தது.

இதற்கு முன்பென்றால் நான் அங்கேயே மறுத்திருப்பேன். இரண்டு தடவை ஏறிய காய்ச்சல்தான் வாயைக் கட்டியது. முதலில் லேசான காய்ச்சல், நடுவில் சில நாள் நலம், பிறகு கழுத்து இறுகும் பெரிய காய்ச்சல், அதோடு வாதம். குழந்தைகளுக்கு வரும் போலியோவின் பாடப்புத்தக வரிசை இது. ஐம்பத்தைந்து வருடம் கழித்து, படிக்காத ஒரு தாய் அதை அச்சுப் பிசகாமல் சொல்கிறார். இதில் இவ்வளவு சரியாக இருக்கிறவர் ஊசி விஷயத்தில் மட்டும் ஏன் தப்பாக இருக்க வேண்டும்?

ஊசிக்கு உள்ள பங்கு

தேடிப் படித்தேன். 1949, 1950 வாக்கிலேயே இங்கிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் இதைக் கவனித்திருக்கிறார்கள். போலியோ பரவும் காலத்தில் ஊசி போட்டுக்கொண்ட குழந்தைகளில் சிலருக்கு, ஊசி போட்ட அதே கையிலோ காலிலோ வாதம் வந்தது. தற்செயலுக்கு மீறிய அளவில் வந்தது என்பதைக் கணக்கு போட்டுக் காட்டினார்கள். 1995-ல் ருமேனியாவிலிருந்து வந்த ஆய்வு, சொட்டு மருந்து கொடுத்த ஒரு மாதத்துக்குள் தசையில் அடிக்கடி ஊசி போட்ட குழந்தைகளுக்கு, அந்த மருந்தில் இருக்கும் பலம் குறைத்த வைரஸாலேயே அபூர்வமாக வரும் வாதம் அதிகமாக வந்ததைக் காட்டியது. 1998-ல் எலிகளில் காரணமும் பிடிபட்டது. தசை காயப்படும்போது, ரத்தத்தில் இருக்கும் வைரஸ் அந்தத் தசையின் நரம்பு வழியே முதுகுத்தண்டுக்கு ஏறிவிடுகிறது. நம் நாட்டில் காய்ச்சல் என்றால் ஊசி என்ற பழக்கம் எத்தனை குழந்தைகளின் வாதத்தை மோசமாக்கியது என்று எச். வி. வயாட் என்ற ஆய்வாளர் வருடக்கணக்காக எழுதியிருக்கிறார்.

ஆக வைரஸ் ஏற்கெனவே உள்ளே இருந்தது. ஊசி அதற்கு வழி காட்டியிருக்கலாம். ‘ஊசியால் போலியோ வராது’ என்று நான் சொன்னது உண்மைதான். ‘ஊசி போட்ட கால்தான் போனது’ என்று இவர்கள் சொன்னதும் உண்மைதான். நான் ஒன்றை வைத்து மற்றதை அடித்துவிட்டேன்.

இதைப் படித்துவிட்டு யாரும் தடுப்பூசியைக் கண்டு பயப்பட வேண்டாம். இந்த ஆபத்து போலியோ வைரஸ் ஊருக்குள் சுற்றிக்கொண்டிருந்த காலத்துக்கானது, அந்த வைரஸை விரட்டியதே தடுப்பு மருந்துதான். ஆனால் சாதாரணக் காய்ச்சலுக்கும் “ஒரு ஊசி போட்டுவிடுங்க” என்று கேட்கும் பழக்கம் இன்னும் போகவில்லை. அதை நாம் விட்டாக வேண்டும்.

“ஊர்ல அத்தனை பிள்ளை இருந்துச்சு, ஏன் எம்பிள்ளைக்கு மட்டும்?” இதையும் தாயார் கேட்டார். அன்று அந்த ஊரில் வேறு பல பிள்ளைகளுக்கும் வைரஸ் தொற்றியிருக்கும். அசுத்தமான தண்ணீர், கழுவாத கை வழியாகப் பரவுவது அது. பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஒன்றுமே தெரியாது, சிலருக்கு ஒரு நாள் காய்ச்சலோடு போய்விடும். ஏறக்குறைய 200 பேரில் ஒருவருக்குத்தான் நிரந்தர வாதம். அந்த ஒருவருக்கு மூச்சுத் தசையும் போனால் உயிரும் போகலாம்.

இதில் எனக்கு ஆறாத கோபம் ஒன்று உண்டு. ஜோனாஸ் சால்க்கின் தடுப்பூசி பலன் தருகிறது என்று அமெரிக்காவில் அறிவித்தது 1955 ஏப்ரல் 12. ஆல்பர்ட் சேபினின் சொட்டு மருந்து 1960களின் தொடக்கத்திலேயே புழக்கத்துக்கு வந்துவிட்டது. அக்காவுக்குக் கால் விழுந்தது 1969-ல். நம் நாட்டின் தடுப்பூசித் திட்டம் தொடங்கியது 1978-ல், அதில் போலியோ சேர்ந்தது அதற்கு அடுத்த வருடம். மருந்து உலகத்தில் இருந்தது, செட்டிநாட்டுக்கு வந்து சேரவில்லை. வந்த பிறகும் மேலை நாட்டுக் கணக்கில் மூன்று தவணை கொடுத்தது இங்கே போதவில்லை. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் டி. ஜேக்கப் ஜான் அதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது.

நிலைப்படியும் பூட்ஸும்

தாயார் ஊரில் ஒரு பெரிய வீட்டில் சமையல் வேலை பார்த்தார். அக்கா அந்த வளவில்தான் வளர்ந்தார். சொந்த வீட்டில் மண் தரை, தவழ்ந்தால் முட்டி தேயும். பெரிய வீட்டில் ஆத்தங்குடிக் கல், வழவழவென்று குளிர்ச்சியாக இருக்கும். “அந்தக் கல்லுல நான் மீன் மாதிரி போவேன்” என்றார். ஆனால் ஒரு கட்டிலிருந்து இன்னொரு கட்டுக்குப் போக நிலைப்படி தாண்ட வேண்டும். முழங்கால் உயரத்துக்கு இருக்கும் தேக்கு நிலை. அங்கே யாராவது தூக்கிவிடும் வரை உட்கார்ந்திருப்பாராம். ஐந்தாம் வகுப்பு வரை அண்ணன் சைக்கிளில் கொண்டுபோய் விட்டார். உயர்நிலைப் பள்ளி தூரம், படிப்பு அதோடு நின்றது.

ஒன்பது வயதில் அப்பா மதுரைக்குக் கூட்டிப் போய் காலிப்பர் வாங்கிக் கொடுத்தார். இரும்புக் கம்பி, தோல் பட்டை, கீழே கனமான பூட்ஸ், மூன்றும் ஒன்றாகச் சேர்ந்தது. அதைப் போட்டு நிமிர்ந்து நடந்தார், கை இரண்டும் சும்மா இருந்தன. அப்புறம் ஏன் விட்டீர்கள் என்று கேட்டேன். “பூட்ஸோட வீட்டுக்குள்ள எப்படித் தம்பி வர முடியும்? கோயிலுக்குள்ள எப்படிப் போறது?” வாசலில் கழற்றினால் காலே கழன்ற மாதிரி. மறுபடியும் கை தொடைக்குப் போகும். ஒரு வருடத்தில் கால் வளர்ந்து பூட்ஸும் சின்னதாகிப் போனது. இன்னொன்று வாங்கவில்லை. செருப்பை வாசலில் விடும் ஊருக்குச் செருப்போடு ஒட்டிய காலிப்பர் எதற்கு ஆகும்? நான் பேசிய பலரும் காலிப்பரை மூலையில் போட்டதற்கு இதைத்தான் காரணமாகச் சொன்னார்கள். ஆனால் அவர்களுடைய சீட்டுகளில் எழுதியிருப்பது ‘நோயாளி ஒத்துழைக்கவில்லை’.

1995 டிசம்பரில் நாடு முழுவதும் போலியோ சொட்டு மருந்து முகாம் தொடங்கியபோது, ஊர் நர்ஸ் வந்து அக்காவைப் பால்வாடி வாசலில் உட்காரச் சொன்னார். தயங்குகிற தாய்மார்கள் காலைப் பார்த்தால் பிள்ளையைத் தூக்கி வருவார்கள் என்று. “என் காலைக் காட்டிக் கூப்பிட்டாங்க. அன்னைக்கு வீட்டுக்கு வந்து அழுதேன். அடுத்த முகாமுக்கு நானே போயி உக்காந்தேன்.” அதற்குப் பிறகு அந்தத் தெருவில் ஒரு பிள்ளைக்கும் கால் போகவில்லை என்று விரல் விட்டு எண்ணிச் சொன்னார். இயற்கையாகப் பரவும் போலியோ வைரஸால் பாதிக்கப்பட்ட நாட்டின் கடைசி நோயாளி 2011 ஜனவரியில் ஹவுராவில் கண்டறியப்பட்ட இரண்டு வயதுப் பெண் குழந்தை. 2014 மார்ச் 27-ல் இந்தியா உட்பட்ட தென்கிழக்கு ஆசியாவுக்குப் போலியோ இல்லாத பகுதி என்ற சான்றிதழ் கிடைத்தது. எல்லோரும் சந்தோஷப்பட்டோம், அதில் தப்பில்லை. அதோடு போலியோ படித்த டாக்டர்களும் குறைந்துபோனார்கள். அக்காவின் இடது கால் மடங்கத் தொடங்கியபோது, அதை அடையாளம் காண ஆள் இல்லை.

நல்ல கால் என்று ஒன்று

இடது காலைச் சோதித்தேன். தொடைத் தசை பார்க்க நன்றாக இருந்தது. ஆனால் பத்து முறை நீட்டியபின் பலம் பாதியாகிவிட்டது. மதுரையில் நரம்பு, தசைப் பரிசோதனை எடுக்கச் சொன்னோம். இரண்டு காலிலும் பழைய பாதிப்பு தெரிந்தது. ஆக 1969-ல் போலியோ இடது காலையும் தொட்டிருக்கிறது. அங்கே செத்துப்போன செல்களின் தசையிழைகளைப் பிழைத்த செல்கள் புதுக் கிளை விட்டுப் பிடித்துக்கொண்டன. ஓர் ஆள் நாலு ஆள் வேலையைப் பார்க்கிற மாதிரி. அதனால்தான் அது ‘நல்ல கால்’. ஐம்பது வருடம் இரட்டை வேலை பார்த்துவிட்டு இப்போது அந்தக் கிளைகள் உதிர்கின்றன.

போலியோவுக்குப் பிந்தைய நோய்க்குறி என்று இதைச் சொல்கிறார்கள். போலியோவிலிருந்து தேறி, குறைந்தது 15 வருடம் நிலையாக இருந்தபின், புதிய பலவீனமும் அசதியும் வந்து ஒரு வருடத்துக்கு மேல் நீடித்தால், வேறு காரணம் இல்லையென்று பார்த்துத்தான் இந்தப் பெயர் கொடுக்க வேண்டும். தைராய்டு, சர்க்கரை, பி12, முதுகெலும்பு எல்லாம் பார்த்தாயிற்று, ஒன்றும் இல்லை. போலியோ வந்தவர்களில் 25 முதல் 40 சதவீதம் பேருக்கு இது வரலாம். இது தொற்றாது, வைரஸ் திரும்பி வந்ததும் இல்லை. மணல் மூட்டை ஏன் கெடுத்தது என்பதும் இதில் விளங்கியது. ஏற்கெனவே நாலு ஆள் வேலை பார்ப்பவனிடம் ஐந்தாவது ஆள் வேலையையும் கொடுத்திருக்கிறார்கள். அவர் ஒழுங்காகச் செய்ததுதான் அவரைக் கெடுத்தது.

செய்தது

மணல் மூட்டையை நிறுத்தினோம். ஒரு நாள் விட்டு ஒரு நாள், அசதி வரும் முன்பே நிறுத்துகிற மாதிரி லேசான பயிற்சி. கொட்டான் பின்னுவதை அரை மணி, பத்து நிமிடம் ஓய்வு என்று பிரித்தோம். தரையிலிருந்து எழுவதுதான் இடது காலுக்குப் பெரிய சுமை, அதனால் உயரமான முக்காலிக்கு மாறினார். முதலில் ஒத்துக்கொள்ளவில்லை, ஓலையைத் தரையில் பரப்பித்தான் பழக்கம். அவருடைய தம்பி ஒரு பலகையை அமைத்துக் கொடுத்த பிறகு சரியானது. இடது கையில் ஊன்றுகோல். மார்கழிக்குக் கம்பளி உறை. மயக்க மருந்துக்கு இவர்கள் உடம்பு அதிகமாக வேலை காட்டக்கூடும், அதனால் அறுவைச் சிகிச்சை என்று எப்போதாவது வந்தால் முதலிலேயே காட்டும்படி ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தேன்.

காலிப்பர் பிளாஸ்டிக்கில், லேசானது, வெறுங்காலோடு வீட்டுக்குள் போடுவது. வெளியே போகும்போது அதன்மேல் செருப்பு. முதல் நாளே வழுக்கிவிட்டார். பிளாஸ்டிக் அடிப்பாகம் ஈரமான ஆத்தங்குடிக் கல்லில் நிற்கவில்லை. அடியில் சைக்கிள் டியூப் ரப்பரை வெட்டி ஒட்டினோம், இப்போது நிற்கிறது.

ஆறு மாதம் ஆகிறது. பலம் கூடவில்லை, கூடும் என்று நான் சொல்லவும் இல்லை. குறைவது நின்றிருக்கிறது. இந்த ஆறு மாதத்தில் ஒரே ஒரு முறைதான் விழுந்தார். ஒரு நாளைக்கு மூன்று கொட்டான் முடிகிறது.

தாயாரிடம் என்ன சொல்வது என்பதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. ஊசிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்று சொல்லி நிம்மதி கொடுத்திருக்கலாம். பொய் சொல்ல மனம் வரவில்லை. “ஆத்தா, அந்தக் காய்ச்சலே வாதக் காய்ச்சல்தான். அது அம்மை இல்ல. நீங்க தூக்கிட்டுப் போறதுக்கு முன்னாடியே பிள்ளை உடம்புல இருந்துச்சு. ஊசி அதைக் கொஞ்சம் கூட்டியிருக்கலாம், கூட்டாமலும் இருந்திருக்கலாம். அன்னைக்கு அது போட்டவருக்கும் தெரியாது” என்றேன். அவர் வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “அம்மை இல்லையா?” என்று மட்டும் கேட்டார். இல்லை என்றேன். மறுபடியும் கேட்டார். மறுபடியும் இல்லை என்றேன்.

இந்த ஆய்வை எழுதி அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். ‘1969 மார்ச், காய்ச்சல், மூன்று ஊசிகள்’ என்ற இடத்தில் நிறுத்தச் சொன்னார். “அதுல எங்க ஆத்தா என்னைத் தூக்கிக்கிட்டு மூணு மைல் நடந்துச்சுன்னு இல்லையே தம்பி” என்றார். சேர்த்துவிட்டேன்.